இரும்பு வளையம் எடுத்துக்கொள்ளும் தரகு

அரிசி ஆலை, கல்யாண மண்டபம், ஐஸ் பேக்டரி மாதிரியான இடங்களின் மின்கட்டணக் கணக்கில், வீட்டுக் கணக்கில் இல்லாத ஓர் எண் இருக்கும். 20, 40, 80 என்று ஏதாவது ஒன்று. மின்வாரியத்துக்காரர்கள் அதை எம்.எஃப். என்பார்கள், அதாவது பெருக்கு எண். மீட்டரில் 310 யூனிட் ஓடியிருந்தால் அதை 40-ஆல் பெருக்கி 12,400 யூனிட்டுக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு இது பகல்கொள்ளையாகத் தெரியும். ஆனால் கணக்கு சரிதான். ஆலைக்குள் போகும் மின்னோட்டத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் மீட்டருக்குள் நுழைகிறது. (சில மீட்டர்களில் இந்தப் பெருக்கலை உள்ளேயே செய்து, முடிந்த எண்ணைக் காட்டும்படி அமைத்துவிடுவார்கள். அங்கே யாருக்கும் சந்தேகமே வராது.)

நாற்பதாக வகுத்துக் கொடுப்பவை மீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மூன்று வளையங்கள். ஒவ்வொரு பேஸுக்கும் ஒன்று. கறுப்பு ரெசினில் வார்த்தோ, டேப் சுற்றியோ இருக்கும். நடுவிலுள்ள துளை வழியாக ஆலையின் தடித்த கேபிளோ செப்புப் பட்டையோ போகும். வளையத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மீட்டருக்குப் போகும். மேலே 200/5 என்று எழுதியிருக்கும். கேபிளில் 200 ஆம்பியர் ஓடினால் மெல்லிய கம்பியில் 5 ஆம்பியர் ஓடும் என்று பொருள். இதன் முழுப்பெயர் மின்னோட்ட மின்மாற்றி. ஆங்கிலத்தில் கரண்ட் டிரான்ஸ்பார்மர். இத்துறையில் இருப்பவர்கள் எல்லாரும் சுருக்கமாக சி.டி. என்றே சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லலாம்.

வீட்டு மீட்டரில் நம் மின்சாரம் முழுவதும் மீட்டருக்குள்ளேயே ஓடி வெளியே வருகிறது. 60 ஆம்பியர் வரைக்கும் அது சரிப்படும். 200, 400 ஆம்பியர் என்று போனால் அவ்வளவையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் கொண்டுபோய் வெளியே எடுப்பது வெப்பத்தாலும் செம்பின் விலையாலும் கட்டுப்படியாகாது. 11 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் பாதைகளில் பிரச்சினை வேறு. அந்த மின்னழுத்தத்தை மீட்டர் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே முடியாது. சி.டி. இரண்டையும் ஒருசேரத் தீர்க்கிறது: மின்னோட்டத்தைச் சிறிதாக்குகிறது, மின்பாதையை மீட்டரோடு தொடவிடாமல் தள்ளியும் வைக்கிறது. உலகம் முழுக்க எந்த அளவுப் பாதையாக இருந்தாலும் வெளியே வருவது 5 ஆம்பியர் அல்லது 1 ஆம்பியர் என்று வழக்கமாகிவிட்டதால், மீட்டர் செய்பவருக்கும் கவலையில்லை.

இதுவரை சொன்னது எளிது. ஒரு தொடர்பும் இல்லாத இரண்டு கம்பிகளில், ஒன்றில் ஓடுவதை மற்றொன்று 0.5 சதவீதத்துக்குள், சில இடங்களில் 0.2 சதவீதத்துக்குள் எப்படிப் பிரதி எடுக்கிறது என்பதுதான் சுவையான விஷயம்.

எதிர்ப்பில் பிறக்கும் பிரதி

மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி வட்டவட்டமாகக் காந்தப்புலம் இருக்கும். அந்த வட்டத்தின் பாதையிலேயே ஓர் இரும்பு வளையத்தை வைத்தால் புலம் காற்றை விட்டுவிட்டு இரும்புக்குள் குவியும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. ஆகவே இரும்புக்குள் இருக்கும் காந்தப் பாயமும், அதாவது அங்கே குவிந்த காந்தப்புலத்தின் மொத்த அளவும், அப்படியே அலையும். வளையத்தில் சுற்றிய கம்பியில் அந்த அலைவு மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்தது இதைத்தான். மின்மாற்றிகள் அதற்குப் பிறகு எத்தனையோ வடிவம் எடுத்துவிட்டன; இந்த வளைய சி.டி. இன்னும் ஃபாரடேயின் வளையத்தைப் போலவேதான் இருக்கிறது.

தெருமுனை டிரான்ஸ்பார்மரும் இதே கொள்கையில்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்காவிட்டால் சி.டி. புரியவே புரியாது. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் வீடுகள் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவு மின்னோட்டம், மின்சாரம் உள்ளே வரும் முதன்மைச் சுருளில் ஓடும். சி.டி.யில் முதன்மை என்பது ஆலையின் கேபிள். அதில் எவ்வளவு ஓடுவது என்பதை ஆலையின் மோட்டார்கள் தீர்மானிக்கின்றன. மீட்டர் பக்கம் என்ன நடந்தாலும் அது மாறாது. சி.டி.க்கு அதில் பேச்சே கிடையாது. வருவதை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் எப்படி வருகிறது? மின்னோட்டத்தை அது சுற்றும் முறைகளால் பெருக்கினால் கிடைப்பது ஆம்பியர்-சுற்று. இரும்பைக் காந்தமாக்கும் வலிமைக்கு அதுதான் அளவு. கேபிள் வளையத்தை ஒரே முறை கடக்கிறது. 200 ஆம்பியர் ஓடினால் 200 ஆம்பியர்-சுற்று. மீட்டர் பக்கச் சுருளில், அதாவது துணைச்சுருளில், 40 சுற்றுகள். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில்தான் ஓடும் என்பது லென்ஸ் விதி. ஆகவே துணைச்சுருளில் ஓடும் மின்னோட்டம் கேபிளின் காந்த வேலையைக் கலைக்கப் பார்க்கிறது. முழுவதும் கலைக்க வேண்டுமானால் அதற்கும் 200 ஆம்பியர்-சுற்று வேண்டும். 200-ஐ 40-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். இவ்வளவுதான் விகிதத்தின் ரகசியம். சி.டி. எதையும் அளப்பதில்லை, கணக்கிடுவதில்லை. கேபிளை எதிர்த்து எதிர்த்து அதன் பிரதியாகிவிடுகிறது.

ஆனால் முழுவதும் கலைத்துவிட்டால் இரும்பில் காந்தப் பாயமே இருக்காது. பாயம் இல்லையென்றால் துணைச்சுருளில் மின்னழுத்தம் இல்லை. மின்னழுத்தம் இல்லையென்றால் அந்த 5 ஆம்பியரை மீட்டர் வழியாகத் தள்ளுவது யார்? சுருளின் செம்புக்கும், மெல்லிய கம்பிக்கும், மீட்டருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. மொத்தம் 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால் 5 ஆம்பியர் ஓட 1 வோல்ட் வேண்டும். அந்த ஒரு வோல்ட்டுக்காக இரும்பில் சிறிது பாயம் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாயத்துக்காகச் சில ஆம்பியர்-சுற்றுகள் கலைக்கப்படாமல் மிஞ்ச வேண்டும்.

இந்த மிச்சம்தான் இரும்பு எடுத்துக்கொள்ளும் தரகு. கேபிளிடமிருந்து வாங்கி மீட்டரிடம் ஒப்படைக்கும் வழியில் வளையம் தனக்கென்று பிடித்துக்கொள்வது. 200 ஆம்பியர்-சுற்றில் 2 தரகாகப் போனால், மீட்டருக்குக் கிடைப்பது 198 பங்கு, அதாவது 4.95 ஆம்பியர், ஒரு சதவீதம் குறைவு. சி.டி.யின் துல்லியம், அதன் வகுப்பு, எடை, விலை, அதனால் வரும் ஆபத்து எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே தரகுதான்.

தரகின் இரண்டு முகங்கள்

ஒரு சதவீதம் தரகு என்றால் ஒரு சதவீதம் குறையும் என்று சொல்லி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். மாறுதிசை மின்னோட்டம் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை.

தரகில் ஒரு பகுதி இரும்பைச் சூடாக்குவதில் போகிறது. அது மீட்டர் மின்னோட்டத்தோடு ஒரே தாளத்தில் ஓடுவதால் அளவை நேராகக் குறைக்கிறது. இதை விகிதப் பிழை என்பார்கள். இன்னொரு பகுதி பாயத்தைக் கட்டி எழுப்பப் போகிறது. அது கால் அலை பின்தங்கி ஓடும். ஆகவே அளவைப் பெரிதாகத் தொடாமல், மீட்டருக்கு வரும் அலையைச் சற்றே முன்னால் நகர்த்திவிடுகிறது. இது கோணப் பிழை. பாகையை அறுபதாகப் பிரித்த நிமிடக் கணக்கில் இதைச் சொல்வார்கள். 30 நிமிடம் என்றால் அரைப் பாகை.

அரைப் பாகை என்ன பெரிய விஷயம்? ஆம்பியரை மட்டும் படிப்பவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மின்சக்தியை அளக்கும்போது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலுள்ள கோணமும் கணக்கில் வருகிறது. அந்தக் கோணத்தைச் சொல்லும் எண்தான் பவர் ஃபேக்டர்; கோணம் இல்லையென்றால் அது ஒன்று, கோணம் கூடக்கூட இறங்கும். ஹீட்டர் மாதிரியான சுமையில், பவர் ஃபேக்டர் ஒன்றாக இருக்கும்போது, அரைப் பாகை நகர்ந்தால் வரும் பிழை லட்சத்தில் நான்கு, மறந்துவிடலாம். அரைகுறைச் சுமையில் ஓடும் மோட்டார்களால் பவர் ஃபேக்டர் 0.5-க்கு இறங்கிவிட்டால், அதே அரைப் பாகை 1.5 சதவீதப் பிழையாகிறது. அதுவும் மீட்டர் கூடுதலாகக் காட்டும் பக்கம். விகிதப் பிழை குறைத்துக் காட்ட, கோணப் பிழை கூட்டிக் காட்ட, இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் சரிக்கட்டுவதும் உண்டு. அதை நம்பி யாரும் சி.டி. வாங்குவதில்லை. பவர் ஃபேக்டர் 0.9-க்குக் கீழே போனால் உயரழுத்த இணைப்புக்காரர்களிடம் மின்வாரியம் அபராதம் வாங்குகிறது. கெப்பாசிட்டர் வைத்து அதை 0.9-க்கு மேலே பிடித்து நிறுத்தினால் அரைப் பாகையின் சேதம் 0.4 சதவீதத்துக்குச் சுருங்கிவிடுகிறது. கெப்பாசிட்டர் விற்பவர்கள் சொல்லாத ஒரு லாபம் இது.

இனி வகுப்புகளைப் பார்க்கலாம். சி.டி.யின் பெயர்ப்பலகையில் 0.5 என்று இருந்தால் முழு மின்னோட்டத்தில் விகிதப் பிழை கூடுதலாகவோ குறைவாகவோ 0.5 சதவீதத்தையும், கோணப் பிழை 30 நிமிடத்தையும் தாண்டாது என்று உத்தரவாதம். அதே சி.டி.யில் 20 சதவீத மின்னோட்டம் மட்டும் ஓடும்போது 0.75 சதவீதம் வரை போகலாம். 5 சதவீதம் ஓடும்போது 1.5 சதவீதம் வரை போகலாம். அதற்குக் கீழே உத்தரவாதமே இல்லை.

சுமை குறையக் குறையப் பிழை ஏன் வளர்கிறது? தரகும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்தானே? குறைவதில்லை. இரும்பின் உட்புகுதிறன், அதாவது காந்தப் பாயத்தை ஏற்றுக்கொள்ளும் தாராளம், மிகக் குறைந்த பாயத்தில் மிகவும் குறைவாக இருக்கும். கொஞ்சம் காந்தமான பிறகுதான் அது இளகும். ஆகவே 200 ஆம்பியரில் ஒரு சதவீதம் பிடித்த இரும்பு, 10 ஆம்பியரில் இரண்டு மூன்று சதவீதம் பிடிக்கும். கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் ஏசி, விளக்கு, சமையலறை எல்லாம் சேர்ந்து 180 ஆம்பியர் ஓடலாம். ஆடி மாதம் முழுக்கக் காவலாளியின் மின்விசிறியும் வாசல் விளக்கும்தான். சாதாரண 0.5 வகுப்பு சி.டி. அந்த நாட்களில் என்ன காட்டினாலும் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதற்காகவே எஸ் என்ற எழுத்து சேர்ந்த வகுப்புகள் வந்தன. 0.5எஸ், 0.2எஸ். இவற்றின் உத்தரவாதம் ஒரு சதவீத மின்னோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. 20 சதவீதத்திலேயே முழுத் துல்லியம் வந்தாக வேண்டும். கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் பெருகிவிட்ட காலத்தில் இந்த எஸ் இன்னும் முக்கியமாகிறது. பகலில் ஆலைத் தேவையும் தகட்டின் உற்பத்தியும் ஏறக்குறைய சமமாகும்போது மீட்டர் வழியாகப் போவது மிகச் சொற்பம். ஆனால் கடையில் சி.டி. வாங்குகிறவர்களில் பலர் விகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். எஸ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பில்லில் சந்தேகம் வந்தால் மீட்டரைத்தான் சோதிக்கச் சொல்கிறார்கள். வளையத்தை யாரும் நினைப்பதே இல்லை.

மின் உற்பத்தி நிலையங்களும் மாநிலங்களும் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் இடங்களில் இந்தச் சலுகை கிடையாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2006-ஆம் ஆண்டு விதிமுறைகள்படி அங்கே மீட்டர் 0.2எஸ் வகுப்பு, சி.டி.யும் அதற்குக் குறையக் கூடாது. காரணம் எளிய பெருக்கல்தான். கூடங்குளத்தின் ஓர் அலகு 1000 மெகாவாட். அதில் 0.2 சதவீதம் 2 மெகாவாட். நாளுக்கு 48,000 யூனிட்.

தரகைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி நல்ல இரும்பு. சாதாரண சி.டி.க்குச் சிலிக்கான் கலந்த எஃகுப் பட்டையைக் கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டி வளையமாக்குவார்கள். வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் காற்று இடைவெளி விழும் என்பதால்தான் இந்தச் சுருட்டல். நிக்கல்-இரும்புக் கலவைகள் இன்னும் தாராளமானவை. ஆனால் விலை அதிகம், சீக்கிரமே தெவிட்டிவிடும், அதாவது இனிமேல் பாயத்தை ஏற்க முடியாத நிலையை எட்டிவிடும். 1980களின் இறுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தில் யோஷிசாவாவும் சகாக்களும் ஒரு புதிய கலவையைக் கொண்டுவந்தார்கள். இரும்பு, சிலிக்கான், போரானோடு துளி நயோபியமும் செம்பும் சேர்த்து உருக்கி, மிக வேகமாகக் குளிர்வித்து, 20 மைக்ரான் அளவு மெல்லிய நாடாவாக இழுத்து, பிறகு 550 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால், 10 நானோமீட்டர் அளவுப் படிகத் துகள்கள் உருவாகின்றன. இதன் உட்புகுதிறன் சாதாரணச் சிலிக்கான் எஃகைப் போலப் பத்து மடங்கு. நாம் போட்ட கணக்கில் 2 ஆம்பியர்-சுற்றாக இருந்த தரகு 0.2-க்கு இறங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் வளையத்தில் 0.2எஸ் துல்லியம் சாத்தியமானதற்கு இந்த நாடாவும் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது வழி ஒரு சின்னத் தந்திரம். எப்படியும் கொஞ்சம் குறையத்தான் போகிறது என்று தெரிந்ததால், துணைச்சுருளில் கணக்குப்படி 400 சுற்று வேண்டிய இடத்தில் 399 மட்டும் சுற்றுவார்கள். மின்னோட்டம் கால் சதவீதம் கூடும். தரகால் போனது திரும்பிவிடும். 40 சுற்றுள்ள வளையத்தில் ஒரு சுற்றைக் குறைத்தால் 2.5 சதவீதம் எகிறிவிடும் என்பதால் அங்கே இதை அப்படியே செய்ய முடியாது. சிறிய விகித சி.டி.யைத் துல்லியமாகச் செய்வது பெரியதைச் செய்வதைவிடக் கடினம். 50/5 வளையத்தில் கேபிள் கொடுப்பது 50 ஆம்பியர்-சுற்றுதான். அதில் 2 போனால் நான்கு சதவீதம். அதனால் சிறிய விகிதங்களில் முதன்மைக் கம்பியையும் பல சுற்றுகள் சுற்றி ஆம்பியர்-சுற்றைப் பெருக்கிவிடுவார்கள். கையில் 100/5 மட்டும் இருந்து 50/5 தேவைப்பட்டால், கேபிளை வளையத்துக்குள் இரண்டு முறை நுழைத்து எடுத்தால் போதும்.

மூன்றாவது வழி, மீட்டர் பக்கத்து மின்தடையைக் குறைப்பது. இத்துறையில் இதை பர்டன் என்பார்கள், வோல்ட்-ஆம்பியரில் சொல்வார்கள். துணை மின்நிலையத்தில் திறந்தவெளியில் நிற்கும் சி.டி.யிலிருந்து கட்டுப்பாட்டு அறை 100 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போய்த் திரும்ப 200 மீட்டர். மின்தடை சுமார் 1.5 ஓம். அதில் 5 ஆம்பியர் ஓடினால் கம்பி மட்டுமே 37 வோல்ட்-ஆம்பியரைத் தின்றுவிடும். மீட்டருக்குப் போவதற்கு முன்பே சி.டி. களைத்துவிடும். அதே கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட்-ஆம்பியர்தான். மின்னோட்டம் ஐந்தில் ஒன்றானால் சேதம் இருபத்தைந்தில் ஒன்று. மீட்டர் பெட்டிக்குள் 5 ஆம்பியரும் பெரிய துணை மின்நிலையங்களில் 1 ஆம்பியரும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதில் இப்போது ஒரு தலைகீழ் வேடிக்கை நடக்கிறது. பழைய சுழல் தட்டு மீட்டர்கள் பர்டனை நிறையத் தின்றன. இன்றைய மின்னணு மீட்டருக்கு அற்ப அளவே போதும். ஆனால் பழைய வழக்கத்தில் 15 வோல்ட்-ஆம்பியர் சி.டி.யையே கேட்டு வாங்குகிறார்கள். சி.டி.யின் துல்லிய உத்தரவாதம் அதன் பர்டனில் 25 சதவீதம் முதல் 100 சதவீதம் வரைக்கும்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கால் பங்குகூடப் பயன்படுத்தாதபோது சுற்றைக் குறைத்துச் செய்த அந்தத் தந்திரம் மிகையாகி, மீட்டர் சற்றுக் கூட்டிக் காட்டலாம். பெரிது வாங்கினால் நல்லது என்ற நினைப்பு இங்கே செல்லாது.

திறக்கக் கூடாத கம்பி

சி.டி.யோடு பழகுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று: மின்சாரம் ஓடும்போது துணைச்சுருளைத் திறக்காதே. மற்ற எல்லா மின்வேலையிலும் இணைப்பைக் கழற்றினால் பாதுகாப்பு. இங்கே கழற்றினால் ஆபத்து. இதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களில் பலருக்கு ஏன் என்று தெரியாது. தரகை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

துணைச்சுருளில் மின்னோட்டம் ஓடினால்தான் கேபிளின் 200 ஆம்பியர்-சுற்றுக்கு எதிர்ப்பு இருக்கிறது. கம்பியைக் கழற்றியதும் எதிர்ப்பு போய்விடுகிறது. ஆலை மோட்டார்கள் நிற்கவில்லை. கேபிளில் 200 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஆம்பியர்-சுற்று எடுத்துக்கொண்டிருந்த இரும்பின் தலையில் 200-ம் விழுகிறது. இரும்பு உடனே தெவிட்டி, ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்து புரள்கிறது. அந்தப் புரட்டல் நிதானமாக நடப்பதில்லை. மின்னோட்டம் சுழியத்தைக் கடக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் முழுவதும் நடந்துவிடுகிறது. பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். ஆகவே கழற்றிய முனைகளில் கூரான மின்னழுத்த முட்கள் கிளம்பும். சிறிய வளையத்தில் இது அளவோடு நின்றுவிடலாம். துணை மின்நிலையத்தின் பெரிய சி.டி.களில் பல ஆயிரம் வோல்ட் போகும். சுருளின் காப்பு உடையும், பொறி பறக்கும், தொட்டவர் உயிருக்கே ஆபத்து. அப்படியொரு அதிர்ச்சிக்குப் பிறகு இரும்பில் எஞ்சிய காந்தம் தங்கிவிட்டால், பார்க்க நன்றாக இருக்கும் சி.டி.யும் தவறாகக் காட்டும். காந்தம் நீக்கிய பிறகே அதை நம்பலாம்.

அதனால்தான் சி.டி.யின் துணைச்சுற்றில் ஃபியூஸ் போடுவதே கிடையாது. மீட்டரை மாற்ற வேண்டுமானால், டெஸ்ட் டெர்மினல் பிளாக்கில் உள்ள இணைப்புத் தகட்டைத் தள்ளி துணைச்சுருளின் எஸ்1, எஸ்2 முனைகளை முதலில் குறுக்குச் சுற்றாக்கிவிட்டுத்தான் கழற்றுவார்கள். சி.டி.க்குக் குறுக்குச் சுற்று என்பது ஓய்வு நிலை. மின்னழுத்தத்தை அளக்கும் பி.டி. இதற்கு நேர் எதிர். அதைத் திறந்து வைக்கலாம், குறுக்குச் சுற்றாக்கக் கூடாது.

முனைகளின் திசையும் முக்கியம். கேபிள் நுழைந்து வெளியேறும் பி1, பி2 என்று குறித்த பக்கங்களை மாற்றி, மூன்றில் ஒரு வளையத்தைத் திருப்பி மாட்டிவிட்டால், அந்த பேஸின் சக்தியை மீட்டர் கழித்துக்கொள்ளும். மூன்று பேஸிலும் சமச் சுமை என்றால் ஒன்றும் ஒன்றும் இரண்டு, அதில் ஒன்று போக ஒன்று. மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும். இன்றைய மீட்டர்கள் மின்னோட்டம் தலைகீழாக வருவதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவிடும். முன்பு இதைக் கண்டுபிடிக்க, மீட்டர்களைச் சோதிக்கும் மின்வாரியத்தின் எம்.ஆர்.டி. பிரிவு வர வேண்டியிருந்தது.

ஒரே கம்பத்தில் எதிரெதிர்க் குணங்கள்

400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தின் திறந்தவெளியில் உயரமான போர்சலின் கம்பமாக நிற்கும் சி.டி.க்குள் ஒரே முதன்மைக் கம்பியைச் சுற்றித் தனித்தனி வளையங்கள், பெரும்பாலும் ஐந்து இருக்கும். ஒன்று மீட்டருக்கு, மற்றவை பாதையில் கோளாறு வந்தால் அதை உணர்ந்து துண்டிக்கச் சொல்லும் ரிலேக்களுக்கு. இரண்டின் குணமும் நேரெதிர். பாதையில் குறுக்குச் சுற்று நேர்ந்து மின்னோட்டம் இருபது மடங்கு எகிறும்போது மீட்டர் வளையம் சீக்கிரமே தெவிட்டிப் போவது நல்லது. இல்லையென்றால் மீட்டர் எரியும். ரிலே வளையம் அந்த நேரத்தில்தான் விழித்திருக்க வேண்டும். 5பி20 என்று எழுதியிருந்தால், இருபது மடங்கு மின்னோட்டத்திலும் மொத்தப் பிழை 5 சதவீதத்துக்குள் நிற்கும் என்று பொருள். சாதாரண நாளில் 5 சதவீதப் பிழை படுமோசம். பாதை பற்றியெரியும் நொடியில் அது போதுமானது.

இந்தக் குடும்பத்தில் ஒரு சின்ன உறுப்பினர் நம் வீட்டிலேயே இருக்கலாம். ஆர்.சி.சி.பி. என்னும் உயிர்காக்கும் ஸ்விட்சுக்குள் ஒரு வளையம்; அதற்குள் பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே நுழைகின்றன. போனது முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வாஷிங் மெஷினைத் தொட்டவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் அந்த வித்தியாசம் மட்டும் வளையத்தில் தெரியும். 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் ஸ்விட்ச் விழுந்துவிடும். கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்க எலக்ட்ரீஷியன் கையில் வைத்திருக்கும் டாங் டெஸ்டர் இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் சுழியம் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

டாங் டெஸ்டரின் தாடை திறந்து மூடுவது வசதி. துல்லியத்துக்கு அதுவே எமன். மூடிய பிறகும் இரண்டு பற்களுக்கு நடுவே மொத்தம் 0.1 மில்லிமீட்டர் காற்று இருந்தால், உட்புகுதிறன் 8000 உள்ள இரும்பில் அது 80 சென்டிமீட்டர் நீள இரும்பைக் கூடுதலாகச் சேர்த்ததற்குச் சமம். வளையத்தின் சுற்றளவே 20 சென்டிமீட்டர் இருந்தால் தரகு ஐந்து மடங்காகிறது. தாடையில் படிந்த தூசிகூட அளவை மாற்றும் என்பது இதனால்தான்.

நேர்மின்னோட்டம் மட்டும் சி.டி.யின் கண்ணுக்குத் தெரியாது. பாயம் அலையாவிட்டால் தூண்டல் இல்லை. தெரியாமல் போவதோடு நிற்காமல், நேர்மின்னோட்டம் கலந்து வந்தால் அது இரும்பை ஒரு பக்கமாகத் தெவிட்ட வைத்து மாறுதிசையின் அளவையும் கெடுத்துவிடும். வெளியிலிருந்து வலுவான காந்தத்தை ஒட்டி வைத்தாலும் அதே கதி. மீட்டரை ஏமாற்றக் காந்தம் வைப்பவர்கள் நம்புவது இதைத்தான். ஒரு பேஸ் வீட்டு மீட்டர்கள் பலவற்றில் பேஸ் பக்கம் ஷன்ட் என்னும் சிறு மின்தடைத் தகடும், நியூட்ரல் பக்கம் மட்டும் சி.டி.யும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டர் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும்.

சோதிப்பவரைச் சோதிப்பது

0.2 சதவீதம் துல்லியமான சி.டி.யை எதை வைத்துச் சோதிப்பது? அதைவிடப் பத்து மடங்கு துல்லியமான ஆம்பியர் மீட்டர் ஒன்று வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை. தரம் தெரிந்த ஒரு சி.டி.யையும் சோதிக்க வேண்டிய சி.டி.யையும் ஒரே கேபிளில் மாட்டி, இரண்டின் துணைச்சுருள்களையும் இணைத்து, அவற்றின் வித்தியாசம் மட்டும் ஒரு கருவி வழியாக ஓடும்படி செய்வார்கள். 5 ஆம்பியரில் 0.2 சதவீதம் என்பது 10 மில்லி ஆம்பியர். அந்த 10 மில்லி ஆம்பியரை ஒரு சதவீதப் பிழையோடு அளந்தால் போதும், சி.டி.யின் பிழை 0.002 சதவீத நுணுக்கத்தில் தெரிந்துவிடும்.

அந்தத் தரம் தெரிந்த சி.டி.க்கு யார் சாட்சி என்று கேட்டால், 1960களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் கஸ்டர்ஸும் மூரும் வளர்த்தெடுத்த மின்னோட்ட ஒப்பீட்டுக் கருவிக்குப் போக வேண்டும். அதில் வளையத்தின் மேல் மூன்றாவதாக ஒரு கண்டறியும் சுருள் உண்டு. இரும்பில் துளி பாயம் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். துணைச்சுருளுக்குத் தேவையான மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்து, கண்டறியும் சுருள் சுழியம் காட்டும்வரை சரிசெய்வார்கள். மீட்டரைத் தள்ளும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொண்டதால் இரும்புக்குப் பாயம் தேவைப்படாது, எடுத்துக்கொள்ளவும் ஒன்றுமிருக்காது. முதன்மையின் ஆம்பியர்-சுற்றும் துணையின் ஆம்பியர்-சுற்றும் அப்போது பத்து லட்சத்தில் ஓரிரு பங்குக்குள் சமம். விகிதத்தைத் தெரிந்துகொள்ள, செம்புக் கம்பி எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.